கல்லுப் பாதையில் நீ என்னோடு வந்த இரண்டு மணி நேரம்

என் பிரியமுள்ள மாப்ள சகாயம்,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை நாள் உனக்கு எழுத நேரமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

நான் இன்னும் அதே செராமிக் கம்பெனி வண்டியில்தான் பீங்கான் ஃபியூஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேப்பூர் வழியாகப் போய் வருகிறேன். உடையும் சரக்கு, மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். ரீட்டா சூளைக்குப் பக்கத்தில் இருக்கிற யூனிட்டில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் வேலைக்குப் போகிறாள். உன் பட்டறை பூட்டியே கிடக்கிறது.

நீ என் தங்கச்சி ரீட்டாவைக் கட்டி மாப்பிள்ளை ஆவதற்கு முன்னாலேயே எனக்குக் கூட்டாளி. ஓமானில் எட்டு வருஷம், கல்லும் மலையுமான பாலைவனத்தில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிப் போகிற வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்தாய். வந்தவன் சும்மா இருந்தாயா? யாரோ தள்ளிவிட்ட பழைய ஜீப்பை வாங்கினாய். ஒரு ஜாண் உயரத்துக்குத் தூக்கிப் பெரிய டயர் மாட்டி, கல் இடிக்காமல் இருக்க அடியில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தாய். சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்று மணலில் இறக்கி ஓட்டிக் காட்டினாய். ஊரே சிரித்தது. நான் மட்டும் பக்கத்து சீட்டில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் சென்னைக்காரர்கள் தங்கள் ஜீப்புகளை உன்னிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ராஜஸ்தான் பாலைவனத்துக்கு ஐந்து வண்டியில் போகிறோம், மெக்கானிக்காக நீங்களும் உங்கள் ஜீப்பில் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நீ என்னைக் கூப்பிட்டாய். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை மாப்ள. இருபது வருஷமாகப் பீங்கான் சுமந்தே பழகிய எனக்கு அப்படி ஓர் ஆசை வரும் என்று நானே நினைக்கவில்லை.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் உனக்கு நெஞ்சு அடைத்தது. என் பைக்கில்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஈசிஜி பார்த்துவிட்டு அவர் முகம் மாறியது. உடனே புதுச்சேரிக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார், கடினமான வேலை எதுவும் கூடாது என்றார். வெளியே வந்ததும் நீ அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தாய்.

“போயிட்டு வந்து காட்டிக்கிலாம் மச்சான். ரீட்டாகிட்ட வாயத் தொறக்காத. அவ வுடமாட்டா.”

நான் சரி என்று தலையாட்டினேன். உனக்காக ஆட்டினேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நீ போகாவிட்டால் நானும் போக முடியாது. அதற்காகத்தான் ஆட்டினேன்.

மணல்தான் பாலைவனம் என்று நினைத்துப் போனவனுக்கு அங்கே கல்தான் இருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கத்தி மாதிரி நிற்கிற பாறைப் பலகைகள். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, ஒரு ஆள் முன்னால் நடந்து கையைக் காட்ட, அடுத்தவன் ஆமை மாதிரி ஓட்ட வேண்டும். மூன்றாம் நாள் மதியம் நீ முன்னால் நடந்துகொண்டிருந்தாய். கையைத் தூக்கியவன் அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாய். ஓட்டிக்கொண்டிருந்த நான் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடி வந்தேன். அந்த வெயிலில் உன் உடம்பு ஜில்லென்று வேர்த்திருந்தது.

உன்னைப் பக்கத்து சீட்டில் சாய்த்து பெல்ட் போட்டேன். தார் ரோட்டுக்குப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். போனில் சிக்னல் இல்லை. ஒரு வண்டி முன்னால் வழி பார்த்துப் போனது, மற்றவை பின்னால் வந்தன. நான் பதறிப்போய் வேகமாக அழுத்தினேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்.

“அந்தக் கல்லுக்கு எடது பக்கமா எடு மச்சான். ஆக்ஸிலு போயிடும்.”

அதுதான் நீ கடைசியாகப் பேசியது.

கொஞ்ச தூரத்தில் டேஷ்போர்டுக் கைப்பிடியைப் பிடித்திருந்த உன் கை நழுவி மடியில் விழுந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. முன் வண்டிக்காரர் வாக்கி டாக்கியில் “எப்படி இருக்கார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “தூங்குறாரு சார்” என்றேன். மூன்று தடவை அப்படிச் சொன்னேன். உன் தலை ஆடக் கூடாது என்று ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கினேன். இருபது வருஷம் பீங்கான் ஓட்டிய கை, அன்றைக்குத்தான் அவ்வளவு நிதானமாக ஓட்டியது. வழியெல்லாம் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. உனக்குக் கேட்டதா மாப்ள?

தார் ரோட்டு ஓரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் உன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

உன்னை ஊருக்குக் கொண்டுவந்தோம். ரீட்டா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “கடைசியா என்னாண்ணா சொன்னாரு?” கல்லையும் ஆக்ஸிலையும் எப்படிச் சொல்வது? “ரீட்டாவப் பாத்துக்கன்னு சொன்னாரும்மா” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

அந்தப் பொய்யோடு ஒரு வருஷம் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அவள் வீட்டில் சாப்பிடுவேன், தண்ணி மோட்டாரைப் பார்த்துக் கொடுப்பேன். அவள் “அண்ணா” என்று கூப்பிடும்போதெல்லாம் வேறு பக்கம் பார்ப்பேன். உன் முதல் வருஷ நினைவுத் திருப்பலிப் பூசைக்குக் கார்டு அடிக்க வேண்டும் என்று பேனாவைக் கையில் கொடுத்தாள். “‘ஆண்டவர் திடீரென அழைத்துக்கொண்டார்’னு எழுதுண்ணா” என்றாள். நான் ‘திடீரென’ என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன். மேலே எழுத வரவில்லை.

அந்த டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன் மாப்ள. உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன்.

“எத்தினி நாளா தெரியும்?”

“போறதுக்குப் பத்து நாள் முன்னாடி.”

“டாக்டருகிட்ட யாரு கூட்டிட்டுப் போனது?”

“நான்தான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவுரு இன்னிக்கி இருந்திருப்பாருல்ல?”

“தெரியலம்மா. இருந்திருக்கலாம்.”

அழவில்லை அவள். என் கையிலிருந்த பேனாவை வாங்கி மேசையில் வைத்தாள். “போண்ணா. இந்த வூட்டுக்கு இனிமே வராத” என்றாள். திருப்பலியில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

முந்தாநாள் காலையில் அவளே போன் செய்தாள். “ஜீப்ப எடுக்கணும், வா” என்றாள். தார்ப்பாயை இழுத்துப் போட்டு, பேட்டரி செத்துக் கிடந்ததால் தெருவில் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்தேன். அவள் பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் போகச் சொன்னாள்.

“அன்னிக்கி நடந்தத மொதல்லேருந்து சொல்லு. எதையும் வுடாத.”

சொன்னேன். நான் உனக்காக இல்லாமல் என் ஆசைக்காகத் தலையாட்டினேன் என்பதையும் சொன்னேன். ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கல்லுக்கு இடது பக்கம் என்று நீ சொன்னதைச் சொன்னபோது பட்டென்று சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

“எனக்கு அன்னிக்கே சந்தேகம்ண்ணா. அவுரு என்னிக்கி என்னப் பாத்துக்கன்னு யாருகிட்டயாவது சொல்லியிருக்காரு?”

ஓரமாக நிறுத்தினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

“எனக்கு இன்னும் கோவம் போவல. போவுமான்னும் தெரியல. ஜீப்பத் தள்ளினப்போ ஏன் உனக்கு அப்படி மூச்சு வாங்குச்சு?”

“வயசாவுதும்மா.”

“எத்தினி நாளா?”

ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து மாதமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

“வெள்ளிக்கெழம காத்தால பஸ் ஸ்டாண்டுல நில்லு. புதுச்சேரி போறோம். டாக்டரு ரூமுக்குள்ள நானும் வருவேன். அவுரு சொல்றத என் காதாலயே கேக்கணும். உங்க ரெண்டு பேரையும் நம்பி இருந்தது போதும்.”

நாளைக்கு வெள்ளிக்கிழமை, மாப்ள. சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் போகமாட்டேன். என் தங்கச்சியும் கேட்கட்டும் சார் என்று சொல்லுவேன். நீ கேட்டாலும் இனி அவளிடம் எதையும் மறைக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இதையாவது காப்பாற்றுகிறேன்.

உன் மச்சான்,
ரீட்டாவின் அண்ணன்,
லாரன்ஸ்