குடும்பத் தலைவருக்கு, அடுப்படி விஷயமாக

அவீனோ அப்பா,

ஞாயித்துக்கிழமை நீங்க பண்ணின பிரசங்கத்துல என்னைப் பாத்துக்கிட்டே, "பொம்பளைங்க சபையில பேசக்கூடாது, சந்தேகம்னா வீட்டுல புருஷன்கிட்ட கேக்கணும்"னு பவுல் எழுதினதை எடுத்துச் சொன்னீங்க. அன்னைக்கு மூடின வாய்தான். அதான் எழுதுறேன்.

நான் கிசுமு டவுனுக்கு மாதர் கூட்டத்துக்குப் போறேன். அங்க பொம்பளைங்க மட்டும்தான், பேசலாம்.

மத்தியானம் பாஸ்டர் ஓமோண்டி சாப்பிட வர்றாரு. என்னைக் கேக்காம நீங்கதான் கூப்பிட்டீங்க. தலைவர் முடிவு, நான் குறுக்க நிக்கலை. ஏரி மீனைக் கழுவி மூடி வச்சிருக்கேன், கரி அடுப்புல சுட்டா போதும். சோள மாவு உகாலியைக் கட்டி தட்டாம, கை விடாம கிண்டுங்க.

ஆம்பளைக்கு அடுப்படியில என்ன வேலைன்னு உங்க அண்ணன் வந்து சிரிப்பாரு. உயிர்த்தெழுந்த ஆண்டவரே கரையில தீ மூட்டி சீஷருங்களுக்கு மீன் சுட்டுக் குடுத்தாருன்னு சொல்லுங்க. பேதுரு சிரிக்கலை, உக்காந்து சாப்பிட்டாரு.

பெரிய மீன் உங்களுக்கு. பாஸ்டருக்கு வச்சிடாதீங்க.

அக்கேயோ

மறந்துட்டேன், உப்பு எங்க இருக்குன்னு எழுதலை. வீட்டுத் தலைவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியலைன்னா ஃபோன் பண்ணுங்க, அதுக்கு மட்டும் வாய் திறக்கிறேன். புருஷன் பொண்டாட்டிகிட்ட கேக்கக்கூடாதுன்னு பவுல் எங்கயும் எழுதலை.