நாற்பதாயிரம் சொட்டும் ஓர் இருக்கையும்

பதிவு 611. மார்ச் 6, காலை 7:10
கணவர் போன துக்கத்தில் நான் பூமிக்கு இறங்க மறுப்பதாகக் கீழே பேசிக்கொள்கிறார்களாம். தவறு. அவர் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நான், டாக்டர் ஜெசிந்தா அருளப்பன், வயது எழுபத்திரண்டு, இந்த விண்நிலையத்தில் தனியாக இருப்பது வேலைக்காக. மலைக்காய்ச்சலுக்கான சொட்டு மருந்து எடையற்ற இடத்தில்தான் சரியாக விளைகிறது. ஒரு குழந்தையும் காய்ச்சலில் சாகக்கூடாதென்று நாடே உறுதி எடுத்திருக்கிறது. நாற்பதாயிரம் சொட்டு தயார். குளிர் மைனஸ் எழுபது. குறையில்லை.

பதிவு 612. மார்ச் 8, காலை 11:40
விண்கல் துகள் பட்டுச் சூரியத் தகடு கிழிந்தது. குளிரூட்டி நின்றுவிட்டது. உருகிய மருந்து ஐந்து நாள்தான் தாங்கும். மருந்தைப் பூமிக்கு இறக்கும் கலத்தை விடுவிக்கும் குறியீடு தரையில் இருக்கிறது. கேட்டேன். தரைக்கட்டுப்பாட்டு இயக்குநர் தணிகைவேல் சொன்னது:
"மேடம், கோவிச்சுக்காதீங்க. இருபதாம் தேதி விழாவுல அமைச்சர் பட்டனை அழுத்தினாத்தான் கலம் இறங்கணும். பத்திரிகை அடிச்சாச்சு, பந்தலுக்கும் சொல்லியாச்சு."
"காய்ச்சலுக்கும் ஒரு பத்திரிகை வெச்சீங்களா?"
இணைப்பைத் துண்டித்தார்.

பதிவு 613. மார்ச் 9, காலை 8:05
தரைக்கு மூன்று கடிதங்கள் அனுப்பினேன். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது'. என் பள்ளியில் சிஸ்டர் பெர்னதெத், கேள்விக்கு இப்படிப் பதில் எழுதியவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்.
கல்வராயன் மலையிலிருந்து நர்ஸ் பூங்காவனம்: "டாக்டரம்மா, ஏழு புள்ளைங்க காய்ச்சல்ல கெடக்குது. மருந்து வருதா, இல்ல போன வருசம் மாதிரி போஸ்டர்தானா?"

பதிவு 614. மார்ச் 9, பிற்பகல் 3:30
குறியீடு கேட்காத கலம் ஒன்று உண்டு. நான் வீடு திரும்புவதற்கானது. இருக்கையைக் கழற்றினேன். பதினாறு திருகுகள், இரண்டு மிதந்து போயின. மருந்தை அடுக்கி, பூங்காவனத்தின் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பதிவு 615. மார்ச் 9, மாலை 6:50
பூங்காவனம்: "வந்துருச்சு டாக்டரம்மா! எல்லாம் ஐஸ் பெட்டியில. மொதப் பய கசக்குதுன்னு என் மேலயே துப்பிட்டான், புடிச்சு மறுபடி ஊத்திட்டேன். ஆமா, உள்ள சீட்டையே காணோமே... நீங்க எதுல எறங்குவீங்க?"
மிதந்து போன இரண்டு திருகுகளைத் தேடிப் பிடித்தேன்.
தணிகைவேல்: "மேடம், இப்ப விழாவுல எதை இறக்குறது?"
மருந்துக் கலம் இங்கே காலியாக இருக்கிறது. அதற்குள் காற்று கிடையாது. எனக்கான காற்றும் மின்சாரமும் பதினைந்தாம் தேதி வரை.

தரைக்கு இரண்டு கேள்விகள். எத்தனை குழந்தைகளுக்குச் சொட்டு போட்டீர்கள்? என்னை அழைத்துப்போகும் கலம் எந்த நாள் அங்கிருந்து புறப்படும்?
முதல் கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். இரண்டுக்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.