புதுக் கோடாலி வந்து சேர்ந்தது

லிங்கநகர்,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் திலக்சனுக்கு, அம்மா எழுதுவது.

நீ கனடாவிலிருந்து போட்ட பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. பால்மா, சவர்க்காரம், சொக்கிலேட் எல்லாம் பழுதில்லாமல் வந்திருக்கின்றன. அடியில் ஒரு புதுக் கோடாலியும் இருந்தது. அதே கம்பனி, அதே கறுப்புப் பிடி. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் கதைக்க ஏலாது. மணி அடித்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். அவர் காதில் விழக்கூடாத கதை இது. நீயும் தனியாக இருந்து வாசி.

முதல் கோடாலியை நீ அனுப்பியபோது அப்பா அதை விறகு கொத்தவா எடுத்தார்? கண்ணாடி அலுமாரியில், உன் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் வைத்தார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார். துறைமுகத்தில் காலமெல்லாம் கப்பல் கயிறு இழுத்த மனிசன். "தம்பி எனக்கெண்டு அனுப்பினது, இதாலை விறகு கொத்த எனக்கென்ன விசரோ" என்று சொல்லிச் சிரிப்பார். விறகுக்குப் பழைய கோடாலிதான்.

பிறகு மாசியில் நீ தங்கச்சிக்குச் செய்தி அனுப்பினாய். பிடியில் அடித்திருக்கிற இலக்கம் தெரிய ஒரு படம் உடனே வேணும் என்று கேட்டாய். ஏன் என்று எழுதவில்லை. சுதர்சிகா உறையைக் கழற்றி, இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். நீ பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தைத் திருப்பி அனுப்பினாய். அத்தோடு தொடாதேங்கோ என்று ஒரு சொல் எழுத உனக்குக் கை முறிந்தா போயிருந்தது?

அப்பாவுக்கு அந்தப் படம் காணாது. வெறும் பிடியை அனுப்பினால் என்ன வடிவு, நான் கொத்துகிற மாதிரி ஒன்று எடு பிள்ளை, தம்பி பார்த்துச் சந்தோசப்படட்டும் என்றார். நீ அனுப்பிய நீலச் சேட்டைப் போட்டார். தலையை வாரினார். முற்றத்தில் ஒரு வேப்பங்கட்டையை நிறுத்தினார். சுதர்சிகா போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்று, இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கோ அப்பா என்றாள். அவரும் உயர்த்தி ஓங்கினார். இரும்பு கழன்று பறந்தது. அவர் கையில் வெறும் பிடி நின்றது. என் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் கிடந்தாள்.

வலது கண் இனி இல்லை என்று டொக்டர் சொன்னதை அன்றே உனக்குச் சொன்னோம். நீயும் குழறி அழுதாய். அழத் தெரிந்த வாய்க்கு உண்மையைச் சொல்லத் தெரியவில்லையே, ஐயோ!

உன் மனிசி சசிதான் போன கிழமை, அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அவளுக்காவது நெஞ்சில் ஈரம் இருக்கிறது. அந்தக் கோடாலியின் தலை பிடியில் நிற்காதாம். ஒருவரும் பாவிக்க வேண்டாம் என்று கம்பனி தைப்பொங்கலுக்கு முன்னமே அறிவித்து, விற்றதையெல்லாம் திருப்பி எடுக்கிறதாம். இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் புதிது தருமாம். அதற்குத்தான் நீ படம் கேட்டாயாம். அலுமாரிக்குள்தானே கிடக்கிறது, பழுதான சாமானை அனுப்பிவிட்டான் என்று அப்பா நினைப்பாரே என்று பேசாமல் இருந்தாயாம்.

ஓம், அலுமாரிக்குள்தான் கிடந்தது. அதை வெளியே எடுக்க வைத்தது யார்? தங்கச்சியின் கண் போன பிறகும் சும்மா கிடைத்ததை விட மனம் வராமல் பெட்டியில் போட்டாயே, நீ என்ன பிறவி?

அவள் கோப்பைக்குத் தேத்தண்ணி ஊற்றினால் மேசையில் ஊற்றுகிறாள். பார்மசி வேலையும் போய்விட்டது. அப்பாவோ தன் கைதான் பிழைத்தது என்று நம்புகிறார். பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் அண்ணை பார்க்க வந்த இடத்தில், வயசுபோன காலத்தில் சும்மா இருக்கத் தெரியாதோ என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். அன்றிலிருந்து தேங்காய் உரிக்கக்கூட இரும்பைத் தொடுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மகளின் வலது பக்கமாகவே உட்காருகிறார். அவளுக்குத் தன் முகம் தெரியக்கூடாதாம்.

நேற்றுப் பெட்டியைப் பிரித்தபோது அந்தப் புதுக் கோடாலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். "பாத்தியே இலட்சுமி, தம்பிக்கு என்னிலை கோபமில்லை. நான் பழுதாக்கினதுக்கு வேறை வாங்கி அனுப்பியிருக்கிறான்" என்றார். அதே அலுமாரியில், அதே இடத்தில் வைத்திருக்கிறார்.

எனக்குச் சொல்லிவிட வாய் உன்னியது. சுதர்சிகா கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணா தெரிந்துகொண்டே சொல்லாமல் விட்டவர் என்று எங்கட வாயால் கேட்டால் அப்பா உயிரோடு இருக்கமாட்டார், சொல்லாதேங்கோ அம்மா என்றாள். உன்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் பெயரைக்கூட அவள் எடுப்பதில்லை.

நாங்கள் சொன்னால் உடைந்துபோவார், நீயே ஒப்புக்கொண்டால் தாங்குவார். ஆனபடியால் நீதான் சொல்ல வேண்டும். இனிப் பெட்டி வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உங்கட கை பிழைக்கேல்லை அப்பா, எனக்குத் தெரியும், நான்தான் சொல்லேல்லை என்று உன் வாயால் சொல்லு. அவர் உன்னைத் திட்டட்டும், வெறுக்கட்டும். பெற்ற பிள்ளையின் கண்ணைத் தானே எடுத்தேன் என்ற நினைப்போடு அந்த மனிசன் சாகக்கூடாது.

வருகிற ஞாயிறு வீடியோவில் வா. நீ எடுப்பாய் என்று சொன்னால் போதும், அப்பா அந்த நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு விடியவே வந்து உட்காருவார்.

கோணேசர் உன் இரண்டு கண்ணையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், ராசா. அந்த இரண்டாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

உன்னைப் பெற்ற அம்மா,
இலட்சுமி