ஐந்து நிமிஷம் கேட்டாய்

நாளை மாலைக் கூட்டத்துக்குப் பேச்சாளரின் பெயர் அட்டை எழுத வேண்டியிருந்தது. கிளப் அலமாரியில் உன்னுடைய பிஸ்கட் டின் வைத்த இடத்திலேயே இருக்கிறது. மூடியைத் திறந்ததும் மார்க்கர் பேனாவின் வாசம் குப்பென்று வந்தது. உள்ளே மேசையில் நிறுத்தி வைக்கிற மடிப்பு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஊதா மையில் உன் கொட்டை எழுத்து. கண் டாக்டர், பாம்பு பிடிக்கிற பொம்பா தீயணைப்புக்காரர், சிறைச்சாலையில் தையல் சொல்லிக் கொடுத்த அம்மா... யார் யாரையெல்லாம் பிடித்து வந்து எங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறாய்! எழுதாத அட்டை ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் பெண்கள் கிளப் இன்னும் அதே பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை மாடியில்தான் கூடுகிறது, மாதம் ஒரு புதன்கிழமை. குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு நீ எங்களோடு சேர்ந்தாய். கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிற நீ முதல் ஆளாக வந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பாய். தெருவைத் தாண்டினால் வீடு என்றிருக்கும் நான் கடைசியில் மூச்சு வாங்க ஏறி வருவேன். ஆறே மாதத்தில் பேச்சாளர்களை அழைக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்துவிட்டோம். இருபது நிமிஷத்துக்கு மேல் யார் பேசினாலும் நன்றியுரைக் காகிதத்தோடு எழுந்து பக்கத்தில் போய் நிற்பாய். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். அவர்களே முடித்துக்கொள்வார்கள்.

நான் தலைவியான முதல் கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். சிறப்புப் பேச்சாளர் ஜாமில் மாட்டிக்கொண்டு வர முடியாது என்று போன் செய்துவிட்டார். நான் காலி நாற்காலியையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"மேடம் பிரசிடென்ட், மூஞ்ச அப்படி வச்சுக்காத. நானே பேசுறேன்" என்றாய்.

"எதப் பத்தி?"

"தண்ணி மீட்டரப் பத்திதான். வேற என்ன தெரியும் எனக்கு?"

வீட்டில் எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும், அப்போதும் முள் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், இதைத்தான் இருபது நிமிஷம் சொன்னாய். அப்படிச் சிரித்த கூட்டம் அதற்குப் பிறகு அமையவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேர் வந்து, தங்கள் வீட்டு ஒழுகலைக் கண்டுபிடித்துவிட்டதாக உன்னிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

பெண்களுக்கான மார்பகப் பரிசோதனை முகாமும் உன் யோசனைதான். புற்றுநோய் வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் பேச வந்திருந்தார். நம் பெண்கள் கட்டி இருப்பது தெரிந்தும் வெட்கத்தாலும் பயத்தாலும் கடைசி நேரத்தில்தான் வருகிறார்கள் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. கூட்டம் முடிந்து எல்லாரும் பலகாரத் தட்டைச் சுற்றி நின்றபோது, "கேட்டுட்டுக் கை தட்டிட்டுப் போறதுக்கா லா கிளப்பு?" என்றாய். அப்படித்தான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் என்று முடிவானது. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை வாசல்களில் ஷிப்டு மாறுகிற நேரம் பார்த்து வெயிலில் நின்று நோட்டீஸ் கொடுத்தாய். பஸ் இல்லை என்று சொன்ன பெண்களுக்கு வேன் ஏற்பாடு செய்தாய். டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகரைச் சிறப்பு விருந்தினராக அழைத்ததும் நீதான். அழைக்கச் சொல்லி உன்னை நச்சரித்தவள் நான். டத்தோ வந்தால் பேப்பரில் படம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எத்தனை தடவை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா?

காலையிலிருந்து பதிவு மேசையில் நின்றவள் நீ. கூச்சப்பட்டு வாசலிலேயே தயங்கிய பெண்களின் கையைப் பிடித்து வகுப்பறைக்குள் அழைத்துப் போய் விட்டாய். உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு பெண் டாக்டர். வரிசை ஓய்ந்தபோது மணி பதினொன்றே முக்கால் இருக்கும். வகுப்பறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். உள்ளே ஒரே ஒரு பெண் இருந்தார். பன்னிரண்டரைக்கு வர வேண்டிய டத்தோவின் கார் அப்போதே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றுவிட்டது. நான் ஓடி வந்தேன்.

"டத்தோ வந்துட்டாரு! மாலை எங்க வச்ச? நீதானே கூப்பிட்ட, நீ இல்லாம எப்படி? வா, வா!"

நீ நிமிர்ந்து பார்த்தாய். "அஞ்சு நிமிஷம் குடேன்" என்றாய்.

"என்ன அஞ்சு நிமிஷம்? மனுஷன் வெயில்ல நிக்குறாரு. எந்திரி லா!"

உன் முழங்கையைப் பிடித்து எழுப்பினேன். நீ வந்தாய். மாலையை எடுத்துக் கொடுத்தாய், சிரித்தாய். டத்தோ தன் இளமைக்காலக் கஷ்டங்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நன்றியுரைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நிற்காதே என்று நான்தான் உனக்குக் கண்ஜாடை காட்டினேன். டாக்டர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டார். அவர் பன்னிரண்டுக்குக் கிளம்புவார் என்பது எனக்குத் தெரியாததல்ல. நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.

பேப்பரில் படம் வந்தது. டத்தோவின் தோளுக்குப் பின்னால் உன் பாதி முகம் தெரியும்.

பதினோரு மாதம் கழித்து நீ போனில் சொன்னாய். மீட்டர் கணக்கு ஒப்பிக்கிற அதே குரலில், எந்த மார்பு, எந்த நிலை, மருந்து ஏற்ற ஆரம்பித்தாயிற்று, எப்போது அறுவைச் சிகிச்சை என்று வரிசையாகச் சொல்லி முடித்தாய். என் கண்ணுக்கு முன்னால் அந்த பெஞ்சுதான் நின்றது.

இரண்டு வாரம் உன்னைப் பார்க்க வரவில்லை. காய்ச்சல், அது இது என்று சாக்குச் சொன்னேன். பயம்தான், வேறொன்றுமில்லை. கடைசியில் ஒரு நாள் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். முன்னறையில் தலையில் துணி கட்டிக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய். உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் கூப்பிடாம இருந்திருந்தா..."

"எங்கேருந்து கூப்பிட்ட?"

"அந்த பெஞ்சுலேருந்து. டாக்டரப் பாக்கத்தானே உக்காந்திருந்த?"

நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். பிறகு சிரித்தாய். அப்படிச் சிரித்ததில் கரண்டியே கீழே விழுந்தது. "ஐயோ, இதுக்கா ரெண்டு வாரமா மூஞ்சக் காட்டாம இருந்த? காலையிலேருந்து நின்னு நின்னு முட்டி வலிச்சுச்சு. பெஞ்சு காலியா இருந்துச்சு, உக்காந்தேன்."

"அஞ்சு நிமிஷம் கேட்டியே?"

"முட்டிக்குத்தான் கேட்டேன். போய்க் கைகழுவிட்டு வா, உனக்கும் கஞ்சி ஊத்துறேன்."

நான் நம்பினேன். நம்பத்தான் வந்திருந்தேன். வாரா வாரம் வந்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து கிளப் வம்பெல்லாம் பேசினோம். உன் இடத்தில் பேச்சாளர்களை அழைக்க வந்தவள் ஒருவரை ஒரு மணி நேரம் பேச விட்டதைக் கேட்டு உனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஏழு மாதம். கடைசி வாரத்தில் உனக்குப் பேச்சு வரவில்லை. என் விரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உன் வீட்டுச் சமையலறையில் நானும் உன் மகளும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"எல்லாம் என்னாலதான் ஆன்டி. அந்தக் கேம்ப்புக்கு முன்னாடியே கட்டி மாதிரி தட்டுப்படுதுன்னு அம்மா சொன்னாங்க. கிளினிக் போகச் சொன்னா பயப்பட்டாங்க. கேம்ப்புல லேடி டாக்டர் வராங்க, பக்கத்துல நம்ம ஆளுங்க இருப்பாங்க, எல்லாரும் போனப்புறம் கடைசியா காட்டிடுறேன்னாங்க. வந்ததும் கேட்டேன். டாக்டர் கிளம்பிட்டாங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னாங்க. அப்புறம் நானும் வேலை வேலைன்னு விட்டுட்டேன்."

என் கையிலிருந்த தட்டைத் தண்ணீருக்குள் வைத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உன் பிள்ளை என் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"நீ விடலம்மா" என்றேன். "உங்கம்மா பெஞ்சுல உக்காந்துதான் இருந்தாங்க. டத்தோவுக்கு மாலை போடணும்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனது நான்."

அவள் பைப்பை மூடினாள். பிறகு, "அம்மா உங்க பேரச் சொல்லவே இல்ல, ஆன்டி" என்றாள்.

அவ்வளவுதான். மீதிப் பாத்திரங்களையும் இரண்டு பேரும் கழுவி முடித்தோம்.

பதினோரு மாதம் இருந்ததே, அவளாகவே போயிருக்கலாமே என்று என் கணவர் எனக்கு ஆறுதல் சொல்லிப் பார்த்தார். போயிருக்கலாம்தான். ஆனால் பயந்தவள் ஒரு தடவை தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு வந்து உட்காருவதற்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கும்? அந்தத் தைரியத்தோடு உட்கார்ந்திருந்தவளைத்தான் நான் எழுப்பினேன். அடுத்த வாரமே மறுபடி சேர்த்துக்கொள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வருஷமும் முகாம் நடத்தினோம். விருந்தினர் யாரையும் அழைக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "வி.ஐ.பி. இல்லாட்டி பேப்பர்ல போட மாட்டாங்களே" என்றாள் செயலாளர். போடாவிட்டால் போகட்டும் என்றேன். கதவு திறந்ததும் முதலில் நம் கிளப் பெண்களைத்தான் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நானும் போனேன். எங்களில் ஒருத்தியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டாக்டர் கடிதம் கொடுத்தார். மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். இதைக் கேட்டால் நீ சந்தோஷப்படுவாய் என்பதால் எழுதுகிறேன். இதனால் எனக்கு எதுவும் நேராகிவிடவில்லை.

கரண்டி கீழே விழும்படி நீ சிரித்த அந்தச் சிரிப்பைத்தான் இப்போது அதிகம் நினைக்கிறேன். என்னை ஒரு கணம் பார்த்தாயே, அந்த ஒரு கணத்தில்தான் முடிவு செய்திருப்பாய். உடம்பெல்லாம் மருந்து எரிந்துகொண்டிருந்தபோது, எதிரே நின்றவள் உடைந்துபோகாமல் இருக்க ஒரு முட்டி வலியைக் கண்டுபிடித்தாய். அந்தப் பொய் இல்லாவிட்டால் நான் உன் வீட்டுப் படியை மறுபடி மிதித்திருக்க மாட்டேன். அந்த ஏழு மாதமும் நான் நிம்மதியாக உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உண்மையோடு நீ தனியாகப் படுத்திருந்தாய்.

இப்போது அந்த உண்மை என்னிடம் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் இனி நான் இருக்க வேண்டும்.