மேர் என்றால் கடல், மேர் என்றால் அம்மா

என்னங்க,

கூட வாழ்ந்த காலத்தில் உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எப்படி வாய் வரும்? வழக்கம்போலவே கூப்பிடுகிறேன். கேட்கிறதா?

இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வத்தேகமவில் ஒரு வாரமாக மழை. உங்கள் வேனை என் தம்பி ரவி ஓட்டுகிறான். உங்களைவிட மெதுவாகத்தான் ஓட்டுகிறான். நானும் கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்து போகிறேன். மாடி ரூமுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவதும் குறையவில்லை. இந்த மாதம் எலீஸ் வந்திருக்கிறாள். நேற்று அவளோடு புசல்லாவைக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவள் முதல் தடவை வந்தது நினைவிருக்கிறதா? நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே முகம், நிறம். ஆனால் ஒரு சொல் தமிழ் வரவில்லை, ஆங்கிலமும் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பிரெஞ்சு. நீங்களோ வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் சுற்றிக் காட்டியே பிரெஞ்சு பிடித்தவர். வகுப்புக்குப் போனதில்லை, காது மட்டும்தான். கடலுக்கு 'மேர்' என்று உங்களுக்குத் தெரியும். கண்டிக்கு வந்தவர்கள் அடுத்து கேட்பது அதைத்தானே. அம்மாவுக்கு 'மமான்' என்றும் தெரியும். வேனுக்குள் பிள்ளைகள் அப்படித்தான் கத்தும். அம்மாவுக்கு 'மேர்' என்று இன்னொரு சொல் இருப்பதும், காதுக்கு அது கடலைப் போலவே கேட்பதும் நம் இருவருக்கும் தெரியாது.

அன்று மாலை அவள் நெஞ்சில் கை வைத்து, "மா மேர்" என்றாள். நீங்கள் உடனே தலையாட்டி, "வீ, வீ, மேர்! தூரம்தான், நாளைக்கே போகலாம்" என்று உங்கள் பிரெஞ்சில் சொன்னீர்கள். அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அடுப்படிக்கு வந்து என்னிடம், "பாவம் புள்ள, கடலயே பாத்ததில்ல போல" என்றீர்கள்.

அவளுக்கு ரூம் எடுத்துக் கொடுத்த சிநேகிதி, அவள் எதற்கு வருகிறாள் என்று நமக்கு எழுதியிருப்பதாக அவள் நம்பியிருந்தாள். அப்படி ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை. நானும் கடல் பார்த்து நாளாயிற்று என்று சோறு கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் நல்ல பட்டுச் சட்டை போட்டு, மடியில் ஒரு பரிசுப் பொட்டலம் வைத்திருந்தாள். கடலுக்குப் போகிறவள் துவாய்கூட எடுக்கவில்லையே என்று தோன்றியது. கேட்டிருக்கலாம். எந்த மொழியில் கேட்பது? போனில் மொழிபெயர்க்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

திருகோணமலையில் வேனை நிறுத்தி, கதவைத் திறந்து, "வுவாலா, லா மேர்!" என்று கையை நீட்டினீர்கள். கரையில் ஒரு வயதான அம்மா கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். எலீஸ் கடலைப் பார்க்கவே இல்லை. நேரே ஓடிப்போய் அந்த அம்மாவின் காலடியில் விழுந்து கட்டிக்கொண்டாள்.

"ஆரு புள்ள நீ? ஏன் இப்பிடி அழுறாய்?" என்று அந்த அம்மா பதறினார்.

பிறகு எலீஸ் போனில் எழுதிக் காட்டியதைத் தமிழாக்கிப் படித்தேன். குழந்தையிலேயே பிரான்சுக்குத் தத்துப் போனவளாம். பெற்றவளைத் தேடி வந்திருக்கிறாளாம். நீங்கள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தக் கருவாட்டு அம்மாதான் விவரம் கேட்டு, "நான் உன்ர அம்மா இல்ல மகள். ஆனா இருந்து தேத்தண்ணி குடிச்சிற்றுப் போ" என்று அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். பட்டுச் சட்டை முழுக்கக் கருவாட்டு வாசம். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பும் வழியில் தம்புள்ளை தாண்டியதும் ஒன்று சொன்னீர்கள்: "புவனா, அவ அம்மாவ நான்தான் தேடிக் குடுக்கணும்."

வளர்த்தவர்கள் அவளிடம் சொல்லியிருந்தது இரண்டே சொற்கள்: புசல்லாவை, ராமாயி. அங்கே ராமாயிகளுக்கா பஞ்சம்? தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கினீர்கள். கடைசியில் ஒரு வீட்டு வாசலில், கொழுந்தெடுத்துக் காய்த்துப்போன கையோடு நின்ற ஒருத்தி, நீங்கள் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டாள்: "எடது கால்ல ரெண்டு வெரலு ஒட்டியிருக்குமே?"

எலீஸ் சப்பாத்தைக் கழற்றினாள். ஒட்டித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு உங்களுக்குப் பிரெஞ்சின் மேல் ஒரு பயம் வந்துவிட்டது. ஒரே ஒலியில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று சாயந்தரத் தேத்தண்ணியோடு போனில் தேடுவோம். மாநகர மேயரும் மேர்தான் என்றதும் தலையில் கை வைத்தீர்கள். பச்சைக்கும் வேர், கண்ணாடிக் கிளாசுக்கும் வேர், புழுவுக்கும் வேர். "ஒருத்தன் கிளாஸ் கேட்டு நான் புழுவக் குடுத்தா என்னாகும்?" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையெல்லாம் சிந்தியது. அந்த வருடம் முடியும் முன்பே உங்கள் இதயம் நின்றுபோனது. நான் மட்டும் பிரெஞ்சுப் படிப்பை விடவில்லை. அந்தத் தேத்தண்ணி நேரத்தில் தனியாக வேறு என்ன செய்வது?

நேற்று ராமாயி அம்மாவுக்கும் எலீஸுக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். முதலில் எனக்குப் பிரெஞ்சு நாக்கில் புரளவே இல்லை. ராமாயி அம்மா ரவியை வெளியே போகச் சொல்லிவிட்டு மெல்ல ஆரம்பித்தாள். நீங்கள் வந்திருந்தபோது ஆம்பிளைக்கு முன்னால் சொல்லக் கூச்சப்பட்டாளாம். கல்யாணம் ஆவதற்கு முன்பே பிள்ளை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து அதைக் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டார்கள். கொண்டுபோகும் வரைக்கும் பால் கொடுத்திருக்கிறாள்.

"கஸ்தூரின்னு பேரு வச்சேன். சத்தமாக் கூப்புட விடல. காதுக்குள்ளதான் சொல்லுவேன். அத அவகிட்ட சொல்லும்மா."

பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை என்றுதான் நினைக்கிறேன். எலீஸ் எழுந்துபோய்க் குனிந்து, தன் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு நடந்ததற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாப்பிடும்போது ராமாயி அம்மா, "அந்தத் தம்பி ஏன் வரல?" என்று உங்களை விசாரித்தாள். அவளுக்குத் தெரியாது. சொன்னேன். சோற்றுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "அவரு புள்ளயக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாரு. நீயும் போயிறாதம்மா. இன்னும் எவ்வளவோ பேசக் கெடக்கு" என்றாள்.

போகமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். எலீஸ் வரும்போதெல்லாம் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருப்பேன். அவர்களுக்குள் நேராகவே பேச வரும் நாளில், என் கதிரையை நானே எடுத்து ஓரமாகப் போட்டுக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
புவனா