வளைந்த இறக்கை ஈக்கள்

மார்ச் 3

அன்புள்ள என்னவருக்கு,

நான் ஊருக்கு வந்த பிறகும் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் குறையவில்லை. போன் அடித்தால் விழித்துக்கொள்கிறாள், கடிதமே போதும். ஆய்வகத்தில் என் பழ ஈக்கள் எல்லாம் செத்துவிட்டன. மிச்சம் நம் அலமாரியில் இருக்கும் ஆறு குப்பிகள்தான். ஏப்ரலில் தேர்வாளர் முன் சோதனையைத் திரும்பச் செய்து காட்டாவிட்டால் ஒன்பது வருஷப் படிப்பும் பாழ்.

வளரும் கருவில் ஒரு செல், பக்கத்துச் செல்லுக்கான சேதியைப் புரதமாகத் தயாரிக்கும். அது அந்தச் செல்லின் சவ்விலேயே ஒட்டிக் கிடக்கும். ஒரு மரபணு தரும் கத்திரி நறுக்கினால்தான் சேதி கிளம்பும். தையல்காரருக்கே கத்திரியைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், பாருங்கள்! என் ஈக்களில் அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுது. இரண்டும் பழுதானால் கரு முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். பழுதான பிரதிக்கு ஜோடியான நல்ல பிரதியோடு வளைந்த இறக்கையைச் சேர்த்திருக்கிறேன், அதுதான் அடையாளம். தீனி தீர்ந்து குப்பி மாற்றும்போது அவற்றை எடுத்துவிடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் ஈக்காரி

மார்ச் 24

என் ஈக்காரிக்கு,

அத்தைக்கு எப்படி இருக்கிறது? முதல் வாரமே பஞ்சடைப்பு கழன்று சமையலறையில் வாழைப்பழத்தை மொய்க்கும் ஈக்கள் குப்பிகளுக்குள் புகுந்துவிட்டன, மன்னித்துவிடு. மற்றபடி நீ சொன்னபடியே வளைந்த இறக்கைகளை ஒன்று விடாமல் எடுத்துக் கொன்றுவிட்டேன். கோணலைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? இப்போது எல்லாம் இஸ்திரி போட்டதுபோல் நேர். நிம்மதியாக இரு.

உன் தையல்காரன்

மார்ச் 27

ஐயோ, எடுத்துவிடுங்கள் என்றால் பொறுக்கி எடுத்துப் புதுக் குப்பியில் விடுங்கள் என்றல்லவா எழுதினேன்! உங்களைத் திட்டித் தீர்க்க வேண்டும்போல் இருக்கிறது. வார்த்தை என்னுடையது, யாரைத் திட்ட?

ஒரு வழி இருக்கிறது. வளைவு நல்ல பிரதியோடுதான் போகும், அதனால் என் ஈக்களுக்கும் சமையலறை ஈக்களுக்கும் பிறந்த நேர் இறக்கை ஈக்கள் சிலவற்றுக்குள் அந்தப் பழுது வெளியே தெரியாமல் இருக்கும். தனித்தனியாக வளர்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். ஒன்றைக்கூடக் கொல்லாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

மார்ச் 30

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நேற்று உன் ஆய்வகத் தோழி தைத்த துணி வாங்க வந்தாள். பெருமையாகக் குப்பிகளைக் காட்டினேன். "ஐயோ, வளைஞ்சதைத்தாங்க காப்பாத்தணும்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் போனதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. நீ வந்து இவற்றைப் பார்த்து அழக் கூடாதென்று ஆறு குப்பியையும் சோப்புத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் வாளிக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் பரப்பி ஊதிக்கொண்டே இருந்தேன்.

ஒன்றும் அசையவில்லை. நீ எப்போது வருவாய் என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை.