இழுப்பறையில் கிடந்த பேட்ஜ்

அக்கா,

நேரில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வலது கண்ணில் வந்த புரைக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவமனை எழுதிவிட்டது. அதற்கு ஆதாரம், உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் உன் பேட்ஜ். மூன்று வருடமாக அதில் அளவு ஏறவே இல்லையாம். எப்படி ஏறும்? இதய அடைப்பு எடுக்கும் அறையில், எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்க, நோயாளியின் பக்கத்தில் நின்றவள் நீ. பேட்ஜ் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

"அளவு கூடினா என்னை வார்டுக்குத் தூக்கிப் போட்டுடுவாங்கடா, ஒரு மாசம் எடுத்து வை" என்றாய். வைத்தேன். எல்லோருடைய பேட்ஜையும் சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் என் வேலை. கதிர்வீச்சு கண்ணை என்ன செய்யும் என்று படித்துத் தேறியவன் நான். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு நீ கேட்கவில்லை, நானும் திருப்பித் தரவில்லை.

நேற்று, "தெருவிளக்கெல்லாம் சாமியாயிடுச்சுடா, ஒவ்வொண்ணுக்கும் ஒளிவட்டம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடித் தம்ளரை மேசைக்கு வெளியே வைத்தாய். அது உடைந்த சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

நாளை கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். என் வேலை போகும். உன்னையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. உன் இடது கண் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது, அக்கா.

உன் தம்பி